ஆறாயிரம் டாலர் படமும் எங்கள் வீட்டுச் சுவரும்

ஒரு படத்தைப் பற்றி "நல்ல முயற்சி" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். படம் பிடிக்கவில்லை, ஆனால் திட்டவும் மனசு வரவில்லை, அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பெரிய ஹீரோ படத்துக்கு யாரும் இந்தச் சலுகையைத் தருவதில்லை. இடைவேளையிலேயே போனை எடுத்துக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுகிறார்கள். தெரியாத முகங்களை வைத்துக் கையில் இருக்கிற காசில் ஒருத்தர் க்ரைம் த்ரில்லர் எடுத்தால் மட்டும் ஆளாளுக்கு வாத்தியார் ஆகிவிடுகிறார்கள். "இந்த பட்ஜெட்டுக்கு இது பெரிய விஷயம்ங்க", "முதல் படம்தானே, பரவாயில்ல". 2016 டிசம்பர் கடைசியில் துருவங்கள் பதினாறு வந்தபோது எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் டைரக்டருக்கு 22 வயசு என்பதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தில் போலீஸ் விசாரணை எப்படி நகர்கிறது, யார் சொல்வதை நம்ப வேண்டியிருக்கிறது என்றெல்லாம் பேச அவ்வளவு இருந்தது. பேச்சு என்னவோ வயசிலேயே நின்றது.

எனக்கு இந்தக் கருணை மதிப்பெண் பிடிக்காது. அதுவும் க்ரைம் த்ரில்லருக்குச் சுத்தமாகப் பொருந்தாது. குடும்பப் படம் என்றால் ஒரு நல்ல சீனுக்காக மீதியைப் பொறுத்துக்கொள்ளலாம். இதில் அடுத்து என்ன என்று கேட்க வைத்தால் வைத்தது, இல்லையென்றால் இல்லை. எடுத்தவர் கையில் பணம் இல்லாதது அவர் கஷ்டம், பார்க்கிறவர் எதற்கு அதைச் சுமக்க வேண்டும்?

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாமே என்று ஒரு யோசனை. ஜூலை மாத ஊட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சாரல் பிடித்தால் விடாது, நாலு மணிக்கே இருட்டிவிடும், துணி காயாது, எங்கேயும் போக முடியாது. அந்த மாதிரி ஒரு சனிக்கிழமை, தம்பி வாங்கி வைத்திருந்த சின்ன புரொஜெக்டரை ஹால் சுவருக்குத் திருப்பிவைத்து, பக்கத்து வீடுகளில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, ஃபாலோயிங் என்ற இங்கிலீஷ் படத்தைப் போட்டேன். 1998இல் வந்தது, லண்டனில் எடுத்தது, கறுப்பு வெள்ளை, 70 நிமிடம்கூட முழுசாக இல்லை. டைரக்டர் யார் என்று சொல்லவில்லை. டைட்டிலில் பேர் வருகிற நேரத்தில் டீ கொடுக்கிற சாக்கில் புரொஜெக்டருக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். "சின்ன பட்ஜெட் படம், நண்பர்கள் சேர்ந்து எடுத்தது" என்று மட்டும் சொன்னேன். (இனிமேல் கதையை முழுசாகச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், ஒரு மணி பத்து நிமிடம்தான்.)

கதை இதுதான். வேலை இல்லாத ஒரு இளைஞன், எழுத்தாளன் ஆக வேண்டும் என்று ஆசை, கதைக்கு ஆள் கிடைக்கும் என்று தெருவில் முன்பின் தெரியாதவர்களைப் பின்தொடர்ந்து போகிறான். அப்படிப் பின்தொடரப்பட்ட ஒருத்தன், கோட்டு சூட்டுப் போட்டவன், பேர் காப், ஒரு காபிக் கடையில் நேராக வந்து எதிரில் உட்கார்ந்து நீ யார் என்று கேட்கிறான். அவன் வீடு புகுந்து திருடுகிறவன். இளைஞனையும் கூடவே அழைத்துப் போக ஆரம்பிக்கிறான். அப்புறம் ஒரு பெண் வருகிறாள், அவளுடைய பழைய காதலன் ஒரு தாதா, ஒரு பெட்டகம், ஒரு சுத்தியல். கடைசியில் பார்த்தால் இளைஞன் போலீசில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொல்கிறான், சொல்லச் சொல்ல அவன் கழுத்தில்தான் சுருக்கு இறுகுகிறது.

முதலில் பேசியது அப்பா, அதுவும் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அப்பா ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த மத்திய அரசு ஃபேக்டரி. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து தியேட்டருக்குப் போகும் சினிமா பாசிட்டிவ் வரைக்கும் இந்து என்ற பேரில் இந்த மலையிலிருந்துதான் போனது, நாங்கள் இருப்பதும் இந்து நகர்தான். ஜெலட்டினோடு கலந்த வெள்ளி உப்பை ஃபிலிம் மேல் பூசுகிற வேலை, துளி வெளிச்சம் பட்டாலும் சரக்கு காலி, அதனால் இருட்டிலேயே நடந்து இருட்டிலேயே கைவேலை செய்து பழகியவர்கள் அவர்கள். இன்றைக்கும் கரண்ட் போனால் எங்கள் வீட்டில் எல்லோரும் போனைத் தேடுவோம், அப்பா நேராக எழுந்து போய் அடுக்களையிலிருந்து மெழுகுவர்த்தியோடு வருவார், வழியில் ஒரு நாற்காலியில்கூட இடித்துக்கொள்ள மாட்டார். அந்த ஃபேக்டரியில் இன்று எந்த மெஷினும் ஓடவில்லை, அது தனிக் கதை.

"டேய், இவன் லைட்டே போடலடா" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "எல்லாரையும் ஜன்னல் பக்கத்துலயே உக்கார வெச்சிருக்கான் பாரு. காபிக் கடையில பாரு, வீட்டுக்குள்ள பாரு. ஜன்னல் இருக்கற பக்கம் மூஞ்சி, இல்லாத பக்கம் இருட்டு." அதுக்கப்புறம் எங்கே பார்த்தாலும் எனக்கு ஜன்னல்தான் கண்ணில் படுகிறது. விஷயம் உண்மைதான். பெரும்பாலும் விளக்குச் செட்டு எதுவும் இல்லாமல் கிடைத்த வெளிச்சத்தில் எடுத்த படம் அது, இடங்களும் நண்பர்கள், சொந்தக்காரர்கள் வீடுகள். அப்பாவுக்கு அந்தத் தகவல் எதுவும் தெரியாது, பார்த்தே சொல்லிவிட்டார்.

16 எம்எம்மில் எடுத்தது என்று நான் சொன்னதும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். 400 அடி ரோல் என்றால் பதினோரு நிமிடம் ஓடும். படம் எடுத்தவர்கள் வார நாளில் வேலைக்குப் போய்விட்டு சனிக்கிழமைகளில் கூடி, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிட ஃபிலிம் என்று ஒரு வருஷம்போல எடுத்திருக்கிறார்கள். "அப்ப ஒரு நாளைக்கு ஒன்றரை ரோல்கூட இல்ல. ரெண்டாவது டேக்குக்கே யோசிக்கணும்" என்றார். அதுவும் சரிதான், முதல் அல்லது இரண்டாவது டேக்கே படத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சீனையும் மேடை நாடகம் போல ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கேமராவை ஓட விட்டார்களாம். படத்தில் அந்த இருவரும் பேசுகிற பேச்சில் ஒரு இறுக்கம் இருக்கிறது, தடுமாறாமல் பேசிக்கொண்டே போகிறார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் அக்காவுக்கு அது செயற்கையாகப் பட்டது, எனக்கு அந்தக் காப் என்கிறவனுக்கு அது சரியாகப் பொருந்தியது. தான் பேசப் போவதை வீட்டிலேயே பேசிப் பார்த்துவிட்டு வருகிற ஜாதி அவன்.

சுவரில் தெரிந்த புள்ளி புள்ளியான படத்தைப் பார்த்துத் தம்பி "பிரிண்ட் சரியில்ல" என்றான். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. 16 எம்எம் ஃபிரேம் அகலமே பத்து மில்லிமீட்டர் சொச்சம், அதைச் சுவர் அளவுக்கு ஊதினால் வெள்ளித் துகள் தெரியாமல் வேறு என்ன தெரியும், அதுதான்டா ஃபிலிம் என்றார். அவர் கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிடித்தது அந்தச் சிக்கனம்.

கதையைப் பற்றிச் சரியாகப் பேசியது டிரைவர் மாமா. இவர் முப்பது வருஷமாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவர். குன்னூர், கோத்தகிரி பக்கம் வெளியூர்க்காரர்கள் பங்களா வாங்கிப் போட்டுவிட்டு, சீசனுக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டு, மீதி வருஷம் முழுக்கப் பூட்டி வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த வீடுகளின் சாவி பாதி நேரம் இவர் வண்டி டேஷ்போர்டில்தான் பயணம் பண்ணும். பூட்டின வீடு என்றால் என்ன, யாருக்கு எது தெரியும், வாட்ச்மேன் எந்த நேரத்தில் டீக்குப் போவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இங்கிலீஷும் டூரிஸ்டுகளிடம் பேசிப் பழகியது, சப்டைட்டில் இல்லாமலே பாதி புரிந்துகொண்டார்.

காப் முதல் தடவை அந்தப் பையனை ஒரு வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், சாவகாசமாக அங்கிருந்த ஒயினை ஊற்றிக் குடித்து, மனிதர்கள் எல்லோரும் ஒரு பெட்டியில் தங்கள் அந்தரங்கத்தை வைத்திருப்பார்கள் என்று தத்துவம் பேசி, நாம் எடுத்துப்போனால்தான் தன்னிடம் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும் என்று சொல்லும் இடம். நாங்கள் எல்லோரும் அதில் மயங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறோம். மாமா மட்டும் சிரித்தார். "இவன் திருடனே இல்ல. உள்ள போனா அஞ்சு நிமிஷத்துல வெளிய வரணும், திருடனுக்கு அதுதான் பொழப்பு. இவன் உக்காந்து குடிச்சிட்டுக் கதை சொல்லிட்டிருக்கான். வீட்ல இருக்கறத எடுக்க வரல, இந்தப் பையனை எதுக்கோ தயார் பண்றான்."

படத்தின் முடிச்சே அதுதான்! ஒரு இருபது நிமிடத்துக்குள் அவிழ்த்துவிட்டார். அந்தத் திருட்டு, அந்தப் பேச்சு, அந்த நட்பு எல்லாமே நடக்கப்போகும் ஒரு கொலைக்குப் பழி சுமக்க ஒரு ஆளைத் தயாரிக்கிற வேலை. நான் முதல் தடவை பார்த்தபோது கடைசி வரைக்கும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

சரி, முடிச்சு தெரிந்துவிட்டதே, அவருக்குப் படம் போரடித்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள். இல்லை. அதற்கப்புறம்தான் அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். யாருக்காக, எதற்காக, அந்தப் பெண் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு சீனிலும் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணும் காப்பும் கூட்டு என்று தெரியும் இடத்தில் "ஆங்!" என்று தொடையைத் தட்டினார். ஆனால் அவளையே அவன் முடித்துவிடுவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பையன் போலீசில் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான், ஒரு கிழவி கொலையில் தன்மேல் பழி வராமல் இருக்கத்தான் காப் தன்னைப் பயன்படுத்தினான் என்கிறான், அப்படி ஒரு கொலை நடக்கவே இல்லை என்கிறார்கள், இருப்பது அந்தப் பெண்ணின் பிணமும் அவனுக்கு எதிரான சாட்சிகளும் மட்டும்தான். காப் கூட்டத்தில் கலந்து காணாமல் போகிறான். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "எல்லாத்தையும் அவனே கொண்டுபோய்க் குடுத்துட்டானே" என்றார், பையனைச் சொல்கிறார். பட்ஜெட்டைப் பற்றி, புதுமுகங்களைப் பற்றி, கறுப்பு வெள்ளையைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கருணை மதிப்பெண் போடாத ஆடியன்ஸ் என்று நான் சொல்வது இவரைத்தான்.

டீச்சர் அக்கா கட்சி வேறு. கேத்தியில் ஸ்கூலில் வேலை, கணக்கு எடுக்கிறவர், எதுவும் வரிசையாக வர வேண்டும். படமோ முன்னே பின்னே தாவுகிறது. பையன் ஒரு சீனில் பரட்டைத் தலையும் தாடியுமாக இருக்கிறான், அடுத்ததில் ஷேவ் பண்ணி முடி வெட்டி சூட்டில் இருக்கிறான், அதற்கடுத்ததில் மூஞ்சி வீங்கி உதடு கிழிந்து கிடக்கிறான். மூன்றும் மூன்று காலம். "இவன் தலைமுடியைப் பார்த்துத்தான் என்ன தேதின்னு கண்டுபிடிக்கணுமா?" என்றார் அக்கா. குறை சொல்வதற்காகச் சொன்னார், ஆனால் படம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. காலம் மாறியதைக் காட்டப் பெரிய படங்கள் செட்டு போடும், தெருவையே மாற்றும். இவர்களிடம் இருந்தது ஒரு நடிகரின் மூஞ்சி.

"நேரா சொன்னா என்ன குறைஞ்சு போகும்?" என்பது அக்காவின் அடுத்த கேள்வி. நான் மழுப்பிப் பார்த்தேன். நேராகச் சொன்னால் மாமா மாதிரி எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன். "அவர் எப்படியும் கண்டுபிடிச்சிட்டாரே" என்றார். வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அடிபட்ட மூஞ்சியை முதலிலேயே காட்டிவிடுவதால், அவன் சிரித்துக்கொண்டு ஒயின் குடிக்கும்போதெல்லாம் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. வரிசையாகப் போயிருந்தால் அந்தக் கலக்கம் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் வந்திருக்கும்.

அக்கா அதோடு விடவில்லை. "அந்தப் பொண்ணுக்கு ஒரு பேரு இருக்கா?" என்றார். இல்லை. டைட்டிலில் பொன்னிற முடிக்காரி என்கிற மாதிரிதான் போட்டிருக்கும். பையனுக்கும் பேர் கிடையாது, இளைஞன் என்றுதான் இருக்கும் என்று தம்பி எடுத்துக்கொடுத்தான். "அவனுக்குப் பேர் இல்லேன்னாலும் அவன் என்ன நினைக்கிறான்னு ஒரு மணி நேரம் சொல்றாங்கல்ல? அவ எதுக்கு அந்தத் தாதாகிட்ட போனா, எதுக்கு இந்தக் காப் பேச்சைக் கேட்டான்னு ஒரு சீன் உண்டா? கதைக்கு ஒரு பிணம் வேணும், அதுக்கு வந்திருக்கா. பேர் வெக்கறதுக்கும் காசா கேப்பாங்க?"

இது நியாயமான அடி. பட்ஜெட்டைச் சொல்லித் தப்பிக்க முடியாத அடி. லைட் இல்லை, ஒலி அங்கங்கே மெலிந்துபோய் இருக்கிறது, மாடியில் நடக்கும் அடிதடி டக்கென்று முடிந்துவிடுகிறது, இதெல்லாம் காசோடு போகிற விஷயம் என்று விடலாம். ஒரு பெண்ணுக்கு எதற்காக அவள் அதைச் செய்கிறாள் என்று யோசித்து எழுத ஒரு பேப்பரும் ஒரு பேனாவும் போதும். நாம் நல்ல முயற்சி என்று தட்டிக்கொடுத்து அனுப்பும்போது அந்தக் குறையையும் சேர்த்து மன்னித்துவிடுகிறோம், அடுத்த படத்தில் கோடிக்கணக்கில் பணம் வந்தபிறகும் அதே குறை அப்படியே இருக்கும். நம் ஊர் சின்னப் பட த்ரில்லர்களிலும் இதைத்தான் பார்க்கிறேன், கொலைகாரனுக்கு ஃபிளாஷ்பேக், போலீஸ்காரருக்கு ஃபிளாஷ்பேக், செத்துப்போன பெண்ணுக்குச் சுவரில் மாலை போட்ட போட்டோ.

கடைசியாகத் தம்பியும் அவன் காலேஜ் கூட்டாளிகளும். இவர்கள் மூன்று பேரும் பாதிப் படம் போனைத்தான் பார்த்தார்கள். ஒருத்தன் "லேக் ப்ரோ" (படம் இழுக்கிறதாம்) என்றான், இன்னொருத்தன் "ஷார்ட் ஃபிலிம் மாதிரி இருக்கு" என்றான், தம்பி பெருந்தன்மையோடு "இந்தக் காசுக்கு ஓகே" என்றான். எவ்வளவு காசு என்று கேட்டான் ஒருத்தன். ஆறாயிரம் டாலர் என்பார்கள், அன்றைய மதிப்பில் இரண்டரை லட்சம் ரூபாய் வரும் என்றேன். அந்தக் காசில் பழைய ஜீப் ஒன்று வாங்கலாம் என்றார் மாமா. அதுவும் நடித்தவர்களுக்கும் கூட நின்றவர்களுக்கும் சம்பளம் போட்டிருந்தால் அந்தக் கணக்கு எங்கேயோ போயிருக்கும். ஹீரோவாக நடித்தவரே தயாரிப்பாளர்களில் ஒருத்தர், போலீஸ்காரராக வருகிறவர் டைரக்டரின் மாமா. சின்ன பட்ஜெட் என்று நாம் சொல்வதில் பாதி, யாரோ சும்மா கொடுத்த சனிக்கிழமைகள்.

அப்புறம்தான் பேரைச் சொன்னேன். கிறிஸ்டோபர் நோலன். 2024இல் ஓப்பன்ஹைமருக்கு ஆஸ்கர் வாங்கினாரே, அதே ஆள், இதுதான் அவருடைய முதல் முழுநீளப் படம்.

நீங்கள் அந்த மூஞ்சிகளைப் பார்த்திருக்க வேண்டும். போன் எல்லாம் பாக்கெட்டுக்குள் போனது. "அதானே, அந்த நான்லீனியர் பார்க்கும்போதே நெனச்சேன்" என்றான் லேக் சொன்னவன், கூச்சமே இல்லாமல். பையன் வீட்டுக் கதவில் பேட்மேன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே என்று நான் சொன்னதும் ரீவைண்ட் பண்ணச் சொல்லி அந்த இடத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஏழு வருஷம் கழித்து இந்த ஆள்தான் பேட்மேன் படம் எடுக்கப் போகிறார் என்று அந்தக் கதவுக்கு என்ன தெரியும். ஒரே படம், ஒரே சுவர், ஒரே சாயங்காலம். பேர் தெரிவதற்கு முன்னால் லேக், தெரிந்ததும் மாஸ்டர்பீஸ்.

பையன்களைக் கிண்டல் பண்ணுகிறேனே தவிர, நம் ஆட்களும் இதில் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆரண்ய காண்டம் 2011இல் வந்தபோது தியேட்டரில் நிற்கவில்லை. புதுமுக இயக்குநருக்கும் எடிட்டிங்குக்கும் தேசிய விருது வாங்கிய படம் அது. இன்றைக்குக் கேட்டால் எல்லோரும் முதல் நாளே பார்த்ததாகச் சொல்கிறார்கள். அத்தனை பேரும் பார்த்திருந்தால் படம் ஏன் ஓடவில்லை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கருணை மதிப்பெண்ணும் இந்தப் பின்னால் வந்த பக்தியும் ஒன்றுதான் என்பது என் கட்சி. ரெண்டிலும் ஆடியன்ஸ் படத்தைப் பார்ப்பதில்லை, எடுத்த ஆளின் நிலைமையைப் பார்க்கிறார்கள். அன்றைக்கு ஏழை, இன்றைக்குப் பெரிய மனிதர், அவ்வளவுதான் வித்தியாசம்.

டீச்சர் அக்காவுக்குப் பேர் தெரிந்தபிறகும் கருத்து மாறவில்லை. "பெரிய ஆளா இருந்தா இருக்கட்டும், அந்தப் பொண்ணுக்குப் பேர் வெச்சிருக்கலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். மாமாவுக்கு நோலன் யார் என்றே தெரியாது. அவருடைய கவலை, இதே ஆள் இன்னொரு க்ரைம் படம் எடுத்திருக்கிறாரா, அதிலும் திருடன் சாவகாசமாக உட்கார்ந்து குடிப்பானா என்பதுதான்.

அடுத்த சனிக்கிழமை என்ன போடலாம் என்று வாசலில் குடையோடு நின்றுகொண்டே பெரிய விவாதம். பையன்கள் மெமெண்டோ என்றார்கள். அதில் கதை பின்னாலிருந்து முன்னால் வரும் என்று கேள்விப்பட்டதும் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா கறுப்பு வெள்ளை என்றால் எதுவானாலும் சரி என்றார். கடைசியில் ஏதாவது ஒரு தமிழ்ச் சின்னப் படம் என்று முடிவானது, யாரும் பார்த்திராததாக, அதிகம் பேர் கேள்விப்படாததாக.

"இந்தத் தடவை டைரக்டர் பேரை முதல்லயே சொல்லிடு" என்றார் அக்கா. "யாரு பேரையாவது சொல்லு. அப்பத்தான் இந்தப் பசங்க போனை வெச்சிட்டுப் பார்ப்பாங்க."